மே கடைசியில் பாலோ டூரோ கேம்பிங்: போகலாமா, கேன்சல் செய்யலாமா?

ஃப்ரிஸ்கோவிலிருந்து:

வணக்கம். ஜனவரியில்தான் கோயம்புத்தூரிலிருந்து டெக்சஸில் டாலஸ் பக்கம் இருக்கிற இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். மெமோரியல் டே லாங் வீக்கெண்டுக்கு பாலோ டூரோ கேன்யன் ஸ்டேட் பார்க்கில் இரண்டு ராத்திரி டென்ட் போட இடம் புக் செய்திருக்கிறேன். நான், மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண், ஐந்து வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் நடுராத்திரியில் வீட்டிலிருந்த போன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அலறின. டொர்னாடோ (சுழற்காற்று) எச்சரிக்கை. ஆறு பேரும் குளியலறைக்குள் நெருக்கியடித்து நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாமியார், "வீட்டுக்குள்ளேயே இந்தப் பாடுன்னா, துணிக் கூடாரத்துல போய் எதுக்குப் படுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆபீஸில் டெக்சஸ்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? அந்தப் பக்கம் போயிருக்கிற அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

டென்டனிலிருந்து:

போங்கள் தம்பி. ஆனால் உங்கள் மாமியார் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். டென்ட் சாதாரண மழைக்குத் தாங்கும். இடி மின்னலுக்கும் ஆலங்கட்டிக்கும் பெருங்காற்றுக்கும் அதற்குள் இருப்பதும் வெட்டவெளியில் இருப்பதும் ஒன்றுதான். உங்கள் ஆபீஸ்காரர்கள் சிரிப்பது ஏன் தெரியுமா? மே மாதத்தில் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வானத்தைப் பார்த்து நாளை ஓட்டுகிறார்கள். நாமும் அதைப் பழகிக்கொண்டால் போதும்.

முதலில் அந்த ஊர் வானம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். இந்த மாதத்தில் தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று மேலேறி வரும். மேற்கே நியூ மெக்சிகோ பக்கமிருந்து காய்ந்த காற்று வரும். இரண்டும் சந்திக்கிற கோடு பல நாள்களில் டெக்சஸ் பான்ஹேண்டில் மேல்தான் விழும். அதாவது அமரில்லோ, பாலோ டூரோ இருக்கிற பகுதி. காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். வெயில் ஏறி, மதியம் மூன்று நான்கு மணிக்கு மேல் அந்தக் கோட்டை ஒட்டி மேகம் கோபுரமாக எழும். சாயங்காலம் அடித்துவிட்டு ராத்திரி கிழக்கே நகர்ந்துபோகும். எல்லா நாளும் இப்படி நடக்காது, ஆனால் நடக்கிற நாளில் பெரும்பாலும் இந்த வரிசைதான்.

ஆகவே காலை நேரம் உங்களுடையது. டாலஸிலிருந்து அமரில்லோ ஏறத்தாழ 365 மைல், வழி நெடுக யு.எஸ். 287. குழந்தைகள், பெரியவர்கள், சாப்பாடு, ரெஸ்ட்ரூம் எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் மதியம் ஒன்று சுமாருக்குப் போய்விடலாம். ஸ்டேட் பார்க்கில் கேம்ப் சைட்டை இரண்டு மணிக்குத்தான் கொடுப்பார்கள், கணக்கு சரியாக இருக்கும். பத்து மணிக்கு ஆற அமரக் கிளம்பினால் புயல் எழுகிற நேரத்தில் எங்கோ சில்ட்ரஸுக்கும் கிளாரண்டனுக்கும் நடுவில், ஒதுங்க மரம்கூட இல்லாத சமவெளியில் மாட்டிக்கொள்வீர்கள். திரும்பி வரும்போது இன்னும் கவனம் வேண்டும். புயலும் கிழக்கே வரும், நீங்களும் கிழக்கே வருவீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் டாலஸ் வரைக்கும் அது கூடவே வரலாம்.

போனில் இருக்கிற வானிலை ஆப்பில் "40 சதவீதம் மழை" என்று போட்டிருக்கும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தேசிய வானிலை சேவையின் புயல் கணிப்பு மையம் தினமும் ஒரு வரைபடம் போடுகிறது, இலவசம். அதில் ஐந்து படிகள். கரும்பச்சை முதல் படி, மஞ்சள் இரண்டாவது, ஆரஞ்சு மூன்றாவது, சிவப்பு நான்காவது, மெஜந்தா ஐந்தாவது. மஞ்சள் படிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் "ஸ்லைட்", அதாவது லேசானது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மஞ்சள் நாளிலும் காரை நொறுக்குகிற ஆலங்கட்டி விழும். என் வழக்கம் இது: கரும்பச்சை என்றால் டென்ட், மஞ்சள் என்றால் டென்ட் போடலாம் ஆனால் சாயங்காலம் ராத்திரி ரேடாரில் ஒரு கண், ஆரஞ்சு வந்துவிட்டால் அன்றைக்கு ஓட்டல் அறை. காலை 8 மணிக்கும் 11.30 மணிக்கும் படத்தைப் புதுப்பிப்பார்கள், மறுபடி பிற்பகல் 3 மணிக்கு. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை, வழியில் சாப்பிட நிறுத்தும்போது ஒரு தடவை பார்த்தால் போதும்.

இதற்காகத்தான் சொல்கிறேன், இன்றைக்கே அமரில்லோவிலோ கேன்யன் என்கிற ஊரிலோ கேன்சல் செய்தால் முழுப் பணமும் திரும்புகிற அறை ஒன்றைப் போட்டு வையுங்கள். லாங் வீக்கெண்ட் என்பதால் கடைசி நேரத்தில் கிடைக்காது. கேன்யன் ஊரிலிருந்து பார்க் வாசல் 12 மைல்தான். ராத்திரி அறையில் படுத்துவிட்டுக் காலையில் பார்க்குக்குள் போனாலும் அந்தப் பயணம் கெட்டுப்போகாது.

வாட்ச், வார்னிங் என்று இரண்டு வரும். வாட்ச் என்றால் அடுத்த சில மணி நேரத்துக்கு அந்தப் பகுதியில் சூழ்நிலை கூடி வருகிறது என்று அர்த்தம். சமையலை ஏறக்கட்டி, பைகளைக் காரில் போட்டு, குழந்தைகளுக்கு ஷூ மாட்டிவிடுங்கள். வார்னிங் வந்தால் யோசிக்கவோ வீடியோ எடுக்கவோ நேரம் கிடையாது, உடனே உள்ளே போக வேண்டும். இங்கேதான் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். எச்சரிக்கை கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெயரைச் சொல்லித்தான் வரும். ரேடியோவில் "டான்லி கவுண்டி, ஹால் கவுண்டி" என்பார்கள். நாம் எந்தக் கவுண்டியில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நமக்குத் தெரியாது. உங்கள் வழியில் டிகேட்டரிலிருந்து வரிசையாக எழுதித் தருகிறேன், அச்செடுத்து மாமனார் கையில் கொடுத்துவிடுங்கள்: வைஸ், மான்டேக், கிளே, விசிட்டா, வில்பார்கர், ஹார்டிமன், சில்ட்ரஸ், ஹால், டான்லி, ஆம்ஸ்ட்ராங். பாலோ டூரோ பார்க் ரேண்டல், ஆம்ஸ்ட்ராங் இரண்டிலும் கிடக்கிறது. ரோட்டோரப் பலகையைப் பார்த்து அவர் கவுண்டி மாறுவதை அறிவித்துக்கொண்டே வரட்டும். ஓய்வுபெற்ற மனிதருக்கு நல்ல வேலை, என் அப்பா இதைப் பஸ் கண்டக்டர் மாதிரி ரசித்துச் செய்வார்.

பள்ளத்தாக்குக்குள் சிக்னல் பல இடங்களில் இருக்காது. அதனால் கைப்பிடியைச் சுற்றினால் சார்ஜ் ஆகிற வெதர் ரேடியோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் நாள் முழுக்க வானிலை மட்டும் சொல்வார்கள். எச்சரிக்கை வந்தால் தானாகவே கத்துகிற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி மாமியார் கேள்விக்கு வருகிறேன். பார்க்கில் போய்ச் சேர்ந்ததும், டென்ட்டை இறக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் சைட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ரெஸ்ட்ரூம் கட்டடத்துக்கு எல்லோரும் ஒரு தடவை நடந்து போய் வாருங்கள். எவ்வளவு தூரம், இருட்டில் பாதை தெரியுமா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் ரேஞ்சரிடமும், "டொர்னாடோ வார்னிங் வந்தால் இந்த சைட்டிலிருந்து நாங்கள் எங்கே போக வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள். தினமும் நாலு பேர் கேட்கிற கேள்விதான், யாரும் சிரிக்க மாட்டார்கள். வெறும் இடி மின்னல் என்றால் கார் போதும், கூரை உலோகமாக இருந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் பாதுகாப்பு. கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை இறங்க வேண்டாம்.

டொர்னாடோவுக்கு மட்டும் கார் உதவாது. நீங்கள் போகிற வழியில் விசிட்டா ஃபால்ஸ் வரும். 1979 ஏப்ரல் 10 அன்று அந்த ஊரை ஒரு பெரிய டொர்னாடோ அடித்ததில் 42 பேர் இறந்தார்கள், அதில் 25 பேர் வண்டிகளில் சிக்கியவர்கள். தப்பிக்கலாம் என்று வீட்டைவிட்டுக் காரில் கிளம்பியவர்களும் அவர்களில் உண்டு. அப்படி விட்டுவந்த வீடுகளில் பல ஒரு சேதமும் இல்லாமல் நின்றன. ஹைவே பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாலத்துக்கு அடியில் காற்றின் வேகம் கூடும், பறந்து வருகிற தகரமும் மரமும் அங்கேதான் வந்து சேரும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அப்படிப் பாலங்களுக்கு அடியில் ஒதுங்கிய மூன்று பேர் இறந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ரேடாரைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புங்கள். சரியில்லை என்று தோன்றினால் கேஸ் ஸ்டேஷனில் ஒரு காபி வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்காருங்கள். உள்ளே ரெஸ்ட்ரூம் இருக்கும், சுவர் இருக்கும். அந்தச் சின்ன ஊர்களில் வேக வரம்பு சட்டென்று குறையும், போலீஸ் காத்திருப்பார்கள். அதையும் மனதில் வையுங்கள்.

நார்மன், ஓக்லஹோமாவிலிருந்து:

டென்டன் அண்ணன் சொன்ன புயல் கணிப்பு மையம் எங்கள் ஊரில்தான், பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பையன்களுக்குக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அந்தப் படம். அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டார், நான் தரையையும் அடுப்பையும் சொல்கிறேன்.

டென்ட் வாங்கும்போது நின்றுகொண்டு உடை மாற்றலாம் என்று உயரமான, செங்குத்துச் சுவர் வைத்த டென்ட்டை வாங்காதீர்கள். பான்ஹேண்டில் காற்றில் அது கம்பி வளைந்து படுத்துவிடும். தாழ்ந்த குவிந்த வடிவ டென்ட் நிற்கும். மேல் விரிப்பு உச்சியை மட்டும் மூடினால் போதாது, தரை வரைக்கும் வர வேண்டும். பெட்டியோடு வருகிற ஆணிகளை அந்தச் சிவப்பு மண்ணில் அடித்தால் வளையும். தடிமனான இரும்பு ஆணியும் ஒரு சுத்தியலும் தனியாக வாங்குங்கள். ஓரக் கயிறுகளை "மழை வந்தால் கட்டிக்கொள்ளலாம்" என்று விட்டுவைக்காமல் போட்ட உடனேயே கட்டிவிடுங்கள். பகலில் வெளியே போகும்போது வெறும் டென்ட்டை விட்டுப் போகாதீர்கள், நாலு மூலையிலும் கனமான பை வையுங்கள். அமரில்லோ கிட்டத்தட்ட 3,600 அடி உயரத்தில் இருக்கிறது. மதியம் வெயில் கொளுத்தும், ராத்திரி 50 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் இறங்கும். பெரியவர்களுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம்.

கேம்ப் ஃபயர் ஆசையைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே காட்டிவிடாதீர்கள். வசந்த காலத்தில் புல் காய்ந்து, காற்றும் அடித்தால் கவுண்டி தடை போட்டுவிடும். 2024 பிப்ரவரி கடைசியில் அந்தப் பான்ஹேண்டிலில் பிடித்த தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது, டெக்சஸ் வரலாற்றிலேயே பெரியது அதுதான். தடை இருக்கிற நாளிலும் கேஸ் அடுப்புக்குப் பொதுவாக அனுமதி உண்டு, பார்க் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பர்னர் அடுப்பும் சின்னப் பச்சை சிலிண்டர் இரண்டும் உங்கள் ஆறு பேருக்குத் தாராளம். காற்றில் தீ அணையும், அடுப்புக்குத் தகரத் தடுப்பு வையுங்கள்.

சமையலைச் சிக்கலாக்காதீர்கள். முதல் நாளுக்கு வீட்டிலேயே புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். சாயங்காலம் புயல் வரும்போது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கக் கூடாது, அதனால் ராத்திரிச் சாப்பாட்டை ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். வறுத்த ரவை, தாளித்த பொடி, முந்திரி எல்லாம் ஒரே டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் காலையில் வெந்நீர் ஊற்றி உப்புமா கிண்டிவிடலாம். குக்கர் கொண்டுபோவதாக இருந்தால் ராத்திரி 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது என்ற விதி இருக்கிறது. பக்கத்து டென்ட்காரர் விடிகாலை விசிலுக்கு என்ன ஏது என்று பதறி எழுந்து வருவார். மிச்ச சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைக்காமல் காருக்குள் பூட்டுங்கள். ரக்கூன் என்கிற பிராணி ஜிப்பைத் திறக்கும்.

மாமனார் மாமியாரைத் தரையில் படுக்க வைக்க வேண்டுமா என்று யோசியுங்கள். ராத்திரி ரெஸ்ட்ரூமுக்கு டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டும், முட்டி வலி வேறு. அந்தப் பார்க்கிலேயே கேபின்கள் இருக்கின்றன, ஆனால் சீக்கிரம் போய்விடும். ஸ்டேட் பார்க் இடங்களை ஐந்து மாதம் முன்னாலேயே புக் செய்யலாம் என்பதால் இங்கே பழகியவர்கள் டிசம்பரிலேயே மே மாதத்தைப் பிடித்துவிடுவார்கள். தினமும் பார்க் இணையதளத்தைப் பாருங்கள், யாராவது கேன்சல் செய்வார்கள்.

ஃப்ரிஸ்கோவிலிருந்து:

மிக்க நன்றி அண்ணா, அக்கா. கவுண்டி பட்டியலை மாமனார் ஏற்கெனவே தன் கையெழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். மாமியார் அறை என்றால் வருகிறேன் என்கிறார். இன்னும் இரண்டு கேள்வி. பக்கத்து வீட்டு நண்பர் "பான்ஹேண்டில் எதற்கு, கெர்வில் பக்கம் ஆற்றங்கரையில் கேம்ப் போடு, டொர்னாடோ குறைவு" என்கிறார். சரியா? அப்புறம், காருக்கு, பெரியவர்களுக்கு என்னென்ன பேப்பர் எடுத்துப்போக வேண்டும்?

டென்டனிலிருந்து:

அந்தப் பக்கம் அழகுதான். ஆனால் அங்கே பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், மேலே மெல்லிய மண். பெய்கிற மழை உள்ளே இறங்காமல் அப்படியே ஆற்றுக்கு ஓடிவரும். 2025 ஜூலை 4 விடிகாலையில் அந்தப் பக்கம் ஓடுகிற குவாடலூப்பே ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி ஏறியது, கெர் கவுண்டியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். போவதானால் கரையோர சைட் வேண்டாம், மேட்டில் எடுங்கள். ராத்திரி வெதர் ரேடியோ ஆனில் இருக்கட்டும்.

இதே விஷயம் பாலோ டூரோவுக்கும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கை அறுத்ததே ரெட் ரிவரின் ஒரு கிளைதான். பார்க்கின் உள் ரோடு அந்த ஆற்றைப் பல இடங்களில் தரைமட்டத்திலேயே கடக்கிறது. பார்த்தால் செருப்பு நனையாத ஓடை. மேலே எங்கோ நல்ல மழை பெய்தால் உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே செந்நிறத்தில் கலங்கி, கட்டைகளை உருட்டிக்கொண்டு வரும். ஓரத்தில் அடி அளவு போட்ட கம்பம் நட்டிருப்பார்கள், போகும்போதே குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஓடுகிற தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தாலே ஆளைத் தள்ளும், ஒரு அடி சின்னக் காரை நகர்த்தும், இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும். ரோட்டை அடைத்துவிட்டால் இந்தப் பக்கமே காத்திருங்கள். அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாலும் டென்ட்டும் அரிசியும் உங்களிடம்தானே இருக்கின்றன.

பேப்பர் விஷயம். பாலோ டூரோ வழியில் குடிவரவுச் சோதனைச் சாவடி இல்லை. ஆனால் அடுத்த விடுமுறைக்கு பிக் பெண்ட், வைட் சாண்ட்ஸ் என்று போவீர்கள், அந்த வழிகளில் பார்டர் பட்ரோல் (எல்லைக் காவல்) வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். விசாவில் வந்திருக்கிற, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதி வைத்திருக்க வேண்டும். அதை எந்தப் பயணத்திலும் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. பெரியவர்களின் டிராவல் இன்ஷூரன்ஸ் அட்டையும் மாத்திரைப் பெட்டியும் டென்ட்டில் கிடக்காமல் காரின் முன்பக்கப் பெட்டியில் இருக்கட்டும்.

கார் இன்ஷூரன்ஸை இன்றைக்கே திறந்து பாருங்கள். புதிதாக வந்து பழைய கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காசு மிச்சம் என்று லயபிலிட்டி (நம்மால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கானது) மட்டும் எடுப்பார்கள். ஆலங்கட்டி அடித்துப் பானட் பள்ளமானால் அதில் ஒரு டாலர்கூட வராது. அதற்குக் காம்ப்ரிஹென்சிவ் வேண்டும். மேகம் திரண்ட பிறகு போன் செய்து சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள், புயல் வாசலில் நிற்கும்போது பல கம்பெனிகள் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு எதைப் பார்ப்பது என்று சொல்லாமல் விட்டால் மாமியார் என்னைத் திட்டுவார். லைட்ஹவுஸ் என்கிற பாறைத் தூணுக்குப் போகிற பாதை போய்வர ஏறத்தாழ ஆறு மைல். பார்க் திறந்ததும் நடக்கத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள், ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். உங்கள் பையனுக்கு அது நீளம், பெரியவர்களுக்கும் வேண்டாம். அவர்களுக்கு விளிம்பிலிருந்து பார்க்கிற இடமே போதும். சமவெளியில் ஓட்டிக்கொண்டே போகும்போது எந்த அறிகுறியும் இல்லாமல் தரை பிளந்து 800 அடி கீழே சிவப்பு, வெள்ளை, ஊதா வரியாக இறங்கும். மதியம் வெயிலுக்கும் புயலுக்கும் சேர்த்து அமரில்லோ போய்விடுங்கள். ஊருக்கு மேற்கே பத்து கேடிலாக் கார்களை 1974-ல் வயலில் தலைகீழாக நட்டு வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம், குழந்தைகளுக்குப் பழைய சட்டை போட்டுக் கூட்டிப்போங்கள். மழை பெய்திருந்தால் அந்த வயலில் சேறு முழங்கால் வரை ஏறும், அன்றைக்கு வேண்டாம். திரும்பும் வழியில் குவானாவுக்குப் பக்கத்தில் காப்பர் பிரேக்ஸ் பார்க் இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு நிழல் கிடைக்கும்.

நார்மனிலிருந்து:

ஒன்று விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் ஈர டென்ட்டைப் பையோடு அலமாரியில் வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து நாறும். பால்கனியில் காயப் போட அபார்ட்மென்ட் விடுகிறதா என்று லீஸைப் பாருங்கள். விடாவிட்டால் ஹாலில் நாற்காலிகளைப் போட்டு விரித்து, ஃபேனைச் சுழலவிடுங்கள்.